வேலண்ட் என்ற கொல்லனும் அவன் பெயரும்

கேள்வி இது: வட ஐரோப்பியப் பழங்கதைகளில் வேலண்ட், வோலுண்டர், வீலாண்ட், வெலெண்ட் என்று பல பெயர்களில் ஒரு கொல்லன் வருகிறான். எல்லாம் ஒரே ஆள்தானா? அந்தப் பெயருக்கு என்ன பொருள்? அதில் நம் ‘வேல்’ ஒளிந்திருக்கிறதா?

ஒரே ஆள்தான். இங்கிலாந்தில் வேலண்ட், ஐஸ்லாந்தில் வோலுண்டர், ஜெர்மனியில் வீலாண்ட், நார்வேயில் எழுதப்பட்ட ஒரு சாகாவில் (உரைநடைக் கதைநூலில்) வெலெண்ட், பழைய பிரெஞ்சுக் கதைப்பாடல்களில் கலான். லத்தீனில் எழுதியவர்களும் அவனை விடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் மந்திரவாதி மெர்லினைப் பற்றிய ஒரு லத்தீன் பாட்டில், குயெலாண்டுஸ் செதுக்கிய கிண்ணங்கள் வருகின்றன. வேல் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். ‘இல்லை’ என்பதுதான் பதில், ஆனால் அந்த இல்லையிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது.

முதலில் கதை. அது தெரியாமல் பெயரைப் பேசிப் பயனில்லை.

நமக்கு முழுசாகக் கிடைப்பது 1270களை ஒட்டி ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ஒரு தோல் ஏட்டில். கோடெக்ஸ் ரெகியஸ் என்று பெயர். அதில் உள்ள வோலுண்டர் பாட்டு ஏட்டைவிடப் பல தலைமுறை மூத்தது. மூன்று அண்ணன் தம்பிகள், அன்னமாக மாறத் தெரிந்த மூன்று பெண்களை ஓர் ஏரிக்கரையில் பார்த்து வீட்டுக்கு அழைத்துவருகிறார்கள். ஏழு பனிக்காலம் வாழ்கிறார்கள். எட்டாவதில் அந்தப் பெண்களுக்கு ஏக்கம் வருகிறது, ஒன்பதாவதில் பறந்துவிடுகிறார்கள். மற்ற இருவரும் மனைவியைத் தேடிப் போகிறார்கள். வோலுண்டர் மட்டும் போகவில்லை. உட்கார்ந்து தங்க மோதிரம் அடிக்கிறான். அடித்த மோதிரங்களை மரநார்க் கயிற்றில் கோத்து வைக்கிறான். எழுநூறு மோதிரம்.

இந்தத் தங்கத்தின் வாசம் நிதூத் என்ற அரசனுக்கு எட்டுகிறது. தேய்பிறை நிலா வெளிச்சத்தில் கேடயங்கள் பளபளக்க ஆட்கள் வருகிறார்கள். வீட்டில் ஆளில்லை. எழுநூறையும் கயிற்றிலிருந்து கழற்றுகிறார்கள், மறுபடி கோத்து வைக்கிறார்கள், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். வேட்டையிலிருந்து திரும்பியவன் கரடிக்கறியைத் தீயில் வாட்டிவிட்டு, கரடித்தோல் மேல் உட்கார்ந்து மோதிரங்களை எண்ணுகிறான். ஒன்று குறைகிறது. வேறு யாராக இருந்தாலும் திருடன் என்று நினைத்திருப்பான். இவன், ‘அவள் வந்துவிட்டாள் போலிருக்கிறது’ என்று நினைக்கிறான். அப்படியே காத்து உட்கார்ந்து தூங்கிப்போகிறான். விழிக்கும்போது கையிலும் காலிலும் விலங்கு.

எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கொலைகளும் பழிவாங்கலும் பின்னால் வரிசையாக வருகின்றன, ஆனால் அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறது இந்த ஒற்றை மோதிரக் கணக்கு.

பிடித்து வந்தவனைப் பார்த்ததும் அரசிக்குப் பயம். அவன், தன் வாள் அரசன் இடுப்பில் தொங்குவதையும், தன் மோதிரம் இளவரசி போத்வில்டின் கையில் இருப்பதையும் பார்த்துப் பல்லைக் கடிக்கிறான். அவன் கண் பாம்பின் கண்போல மின்னுகிறது. முழங்கால் நரம்பை அறுத்துக் கடலோரத் தீவில் போடுங்கள் என்கிறாள். அப்படியே செய்கிறார்கள். நொண்டியான கொல்லன் தீவில் அரசனுக்கு நகை செய்துகொண்டு கிடக்கிறான்.

அரசனின் இரண்டு பையன்களுக்கு அவன் பெட்டியில் என்ன இருக்கிறதென்று பார்க்க ஆசை. இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று நம் ஊரில் கேட்பார்கள். அங்கே கேட்க யாரும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் வாருங்கள் என்று அவன் சொல்லியிருந்தபடியே மறுநாள் வருகிறார்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போது தலைகள் உருண்டுவிடுகின்றன. உடல்கள் உலையடிச் சேற்றுக்குள் போகின்றன. மண்டையோடுகளுக்கு வெள்ளி கட்டிக் கிண்ணமாக்கி அரசனுக்கு அனுப்புகிறான். கண்களை மணிக்கற்களாக்கி அரசிக்கு. பற்களைக் கொண்டு உடையில் குத்தும் நகை செய்து போத்வில்டுக்கு. எல்லாரும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறார்கள்.

அப்புறம் போத்வில்ட் தானே வருகிறாள். அந்த மோதிரம் உடைந்துவிட்டது, உன்னைத் தவிர யாரிடமும் சொல்லத் துணிவில்லை என்கிறாள். முன்னைவிட அழகாகச் சரிசெய்து தருகிறேன் என்கிறான். பீர் கொடுத்துத் தூங்கவைத்து அவளைக் கெடுக்கிறான். பிறகு சிரித்துக்கொண்டே வானில் எழுகிறான். எப்படிப் பறந்தான் என்று பாட்டு சொல்வதே இல்லை. மேலே நின்றபடி அரசனிடம் முதலில் சத்தியம் வாங்குகிறான்: கப்பலின் பக்கப் பலகை மேல், கேடய விளிம்பின் மேல், குதிரையின் தோள் மேல், வாளின் கூர்விளிம்பின் மேல் ஆணையாக, என் மனைவிக்குத் தீங்கு செய்ய மாட்டாய் என்று. போத்வில்டைத்தான் மனைவி என்கிறான். அதற்குப் பிறகுதான் மகன்கள் எங்கே போனார்கள், மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று சொல்கிறான். ‘உன்னை எட்டிப் பிடிக்கும் உயரமான ஆளும் இல்லை, அம்பெய்து வீழ்த்தும் வல்லவனும் இல்லை’ என்று அரசன் புலம்புகிறான். கடைசி வார்த்தை போத்வில்டுக்கு. அவனை எதிர்க்க எனக்கு வழி தெரியவில்லை, எதிர்க்கும் பலமும் இல்லை என்கிறாள். பாட்டு அங்கே முடிகிறது. இவனைக் கதாநாயகன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தப் பாட்டும் அப்படிச் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் இதே கதை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 10ஆம் நூற்றாண்டின் எக்ஸிடர் ஏட்டில் ‘தேயோர்’ என்றொரு சின்னப் பாட்டு. வேலை போன ஒரு பாணன், தனக்கு முன் துன்பப்பட்டவர்களை எண்ணிப் பார்க்கிறான். முதல் ஆளே வேலண்ட். நரம்பில் கட்டுப் போட்டார்கள் என்று அவன் வலியைச் சொல்கிறான். ஆனால் அடுத்த பத்தியிலேயே அந்தப் பெண்ணின் பக்கம் திரும்புகிறான். தம்பிகள் செத்த துக்கத்தைவிட, தன் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்தபோது அவளுக்கு வந்த கலக்கம் பெரிது என்கிறான். இரண்டுக்கும் முடிவில் ஒரே பல்லவி: அது கடந்துபோனது, இதுவும் கடந்துபோகும்.

சரி, பெயர். இந்தப் பெயர் கதையைவிட வேகமாகப் பயணம் செய்தது. வடமேற்கு ஜெர்மனியில் கிழக்கு ஃப்ரீசியாவில், ஷ்வைன்டார்ஃப் என்ற ஊரில் 1948இல் ஒரு தங்கக் காசு கிடைத்தது. ரோமானியக் காசைப் பார்த்துச் செய்த நகல், கி.பி. 600ஐ ஒட்டியது. அதில் ஜெர்மானியரின் பழைய எழுத்தான ரூன் எழுத்தில் ‘வெலடு’ என்று இருக்கிறது. இடையில் வரும் மெல்லின ஒலியை விட்டு எழுதும் பழக்கம் அப்போது உண்டு என்பதால் அதை ‘வேலண்டு’ என்று படிக்கிறார்கள். காசு செய்தவன் தன் பெயரைப் போட்டானா, கதைக் கொல்லனின் பெயரைப் போட்டானா என்பது வேறு. எப்படியானாலும் பொன்வேலைக்குப் பொருத்தமான பெயராக அது அப்போதே இருந்திருக்கிறது.

அடுத்த சான்று இன்னும் அழகு. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஃபிராங்க்ஸ் பேழை என்று ஒன்று இருக்கிறது. திமிங்கில எலும்பில் செதுக்கிய, சுமார் 23 சென்டிமீட்டர் நீளப் பெட்டி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இங்கிலாந்தில் செய்தது. எப்படியோ பிரான்ஸின் ஓசோன் என்ற ஊரில் ஒரு வீட்டுக்கு வந்து, ஊசி நூல் போட்டு வைக்கும் பெட்டியாகக் காலம் தள்ளியது. அதன் வெள்ளிக் கீல்களைக் கழற்றி ஒரு மோதிரத்துக்கு மாற்றிக்கொண்டார்களாம்; பெட்டி துண்டு துண்டாகப் போனது. மோதிரத்தால் கெட்ட கதையைச் சொல்லும் பெட்டிக்கு இப்படி ஒரு விதி. துண்டுகளை வாங்கிய அகஸ்டஸ் ஃபிராங்க்ஸ் 1867இல் அவற்றை மியூசியத்துக்குக் கொடுத்தார். ஒரு பக்கப் பலகை மட்டும் தனியே போய் ஃப்ளோரன்ஸில் இருக்கிறது.

முன்பக்கப் பலகையைக் கிட்டத்தில் பாருங்கள். இடது பாதியில் கால் மடங்கிய ஒரு கொல்லன். ஒரு கையில் குறடு, குறட்டில் ஒரு தலை. காலடியில் தலையில்லாத உடல். மறு கையால் எதிரில் நிற்கும் பெண்ணிடம் கிண்ணத்தை நீட்டுகிறான். அவளுக்குப் பின்னால் ஒருவன் பறவைகளைக் கழுத்தைப் பிடித்து இறுக்கிக்கொண்டிருக்கிறான். சிறகு சேர்க்கும் தம்பி எகில் என்று அவனைச் சொல்கிறார்கள். வலது பாதியில் குழந்தை யேசுவைப் பார்க்க வந்த மூன்று ஞானிகள். அவர்கள் தலைக்கு மேல் ரூன் எழுத்தில் ‘மாகி’ என்று பெயர் பொறித்திருக்கிறது. கொல்லன் பக்கத்தில் பெயரே இல்லை. புதிதாக வந்த மதத்தின் ஆட்களுக்குத்தான் பெயர்ப்பலகை தேவைப்பட்டது. குறடும் தலையும் மடங்கிய காலும் இருந்தால் அது யாரென்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். பெயர் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு, பெயர் எழுதாத இந்த இடத்தைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் ஆர்ட்ரே என்ற இடத்துப் படக்கல்லிலும் இதே காட்சி: பட்டறை, தலையில்லாத இரண்டு உடல், பறவை வடிவில் கிளம்பும் ஆள், ஒரு பெண். அங்கேயும் பெயர் இல்லை.

பழைய ஆங்கிலத்தில் அவன் பெயர் ஒரு முத்திரையாகவே ஆகிவிட்டது. பேயோவுல்ஃப் காவியத்தில் நாயகன் சண்டைக்குப் போகுமுன், நான் செத்தால் இந்தக் கவசத்தை என் அரசனுக்கு அனுப்பிவிடுங்கள், இது ‘வேலண்டின் வேலை’ என்கிறான். அவ்வளவுதான், விளக்கம் ஒன்றும் இல்லை. நல்ல பொருள் என்றால் அவன் செய்தது, அத்தோடு பேச்சு முடிந்தது. பிரெஞ்சுக் கதைப்பாடல்களிலும் இப்படியே. வீரர்களின் பெயர்பெற்ற வாள்களைச் செய்தவன் கலான். அவன் காலை யார் அறுத்தது, யாரைக் கொன்றான் என்பதெல்லாம் அங்கே உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் வாள்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மன்னர் ஆல்ஃபிரட் பெயரில் வழங்கும் ஒரு மொழிபெயர்ப்பு இதில் இன்னொரு படி. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமானியத் தத்துவவாதி போயதியஸின் லத்தீன் நூலைப் பழைய ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு வரி வருகிறது: நேர்மையாளன் ஃபாப்ரிசியஸின் எலும்புகள் இப்போது எங்கே? ரோமானியத் தளபதி ஃபாப்ரிசியஸை இங்கிலாந்தில் யாருக்குத் தெரியும்? ஆனால் லத்தீனில் ‘ஃபாபெர்’ என்றால் கொல்லன். அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு, ‘பொற்கொல்லன் வேலண்டின் எலும்புகள் இப்போது எங்கே?’ என்று மாற்றிவிட்டார்கள். கூடவே ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள்: வல்லவனிடமிருந்து அவன் வித்தையைப் பறிப்பது, சூரியனை அதன் இடத்திலிருந்து நகர்த்துவதைவிட எளிதல்ல. நிதூத் மோதிரத்தை எடுத்தான், வாளை எடுத்தான், கால்களையும் எடுத்தான். மொழிபெயர்த்தவர் கதையை நன்றாகத் தெரிந்துதான் அந்த வரியைச் சேர்த்திருக்கிறார்.

அவன் எலும்பு எங்கே என்பதற்கு இங்கிலாந்து கிராமத்தார் சொல்லும் பதில் வேறு. ஆக்ஸ்ஃபர்ட்ஷையரில், மலைச்சரிவில் வெட்டிய அஃபிங்டன் வெள்ளைக் குதிரைக்குக் கொஞ்ச தூரத்தில், ரிட்ஜ்வே என்ற பழம்பாதையை ஒட்டி ஒரு நீண்ட மண்மேடு இருக்கிறது. முன்னால் ஆளைவிட உயரமான கற்கள் வரிசையாக நிற்கும். அது புதிய கற்காலக் கல்லறை, கி.மு. 3600க்கும் 3400க்கும் இடையில் இரண்டு கட்டமாகக் கட்டியது. 1960களின் தொடக்கத்தில் தோண்டியபோது, உள்ளே மறைந்திருந்த பழைய மர அறையில் 14 பேரின் எலும்புகள் கிடைத்தன. கட்டியவர்கள் காலத்தில் இரும்பே கிடையாது. சுமார் நாலாயிரம் ஆண்டு கழித்து ஜெர்மானிய மொழி பேசிய சாக்ஸன்கள் அங்கே குடியேறினார்கள். இவ்வளவு பெரிய கற்கள், கட்டியது யாரென்று தெரியவில்லை. 955ஆம் ஆண்டு நிலச் சாசனம் ஒன்று எல்லை சொல்லும்போது ‘வேலண்டின் பட்டறை’ என்றே எழுதுகிறது. இன்றும் அதன் பெயர் வேலண்ட்ஸ் ஸ்மிதி.

1738இல் பதிவான உள்ளூர்க் கதை: குதிரையின் லாடம் கழன்றுவிட்டால் அங்கே கொண்டுபோய் விட்டு, கூடவே ஒரு காசும் வைத்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும். திரும்பி வந்தால் காசு இருக்காது, குதிரைக்கு லாடம் அடித்திருக்கும். கொல்லனை யாரும் பார்க்க முடியாது. அரசனின் மகன்களைக் கொன்றவன், ஏழெட்டு நூற்றாண்டு கழித்துக் கூலிக்கு லாடம் அடிப்பவனாகிவிட்டான். இதை வீழ்ச்சி என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் தேவைப்படும் இடத்துக்கு வந்து வேலை செய்கிறது, அவ்வளவுதான். கல் இடுக்கில் காசு செருகும் பழக்கம் இன்னும் ஓயவில்லை.

நார்வேயின் 13ஆம் நூற்றாண்டு தித்ரிக் சாகாவில் அவன் வெலெண்ட். வட ஜெர்மானியர் சொன்ன கதைகளைச் சேர்த்த நூல் அது. இங்கே அவன் ஒரு ராட்சதனின் மகன், குள்ளர்களிடம் தொழில் படித்தவன். அரசவைக் கொல்லனோடு போட்டி வந்ததும் ஒரு வாள் செய்கிறான். ஆற்றில் ஓர் அடி தடிமனில் கம்பளித் திரளை மிதக்கவிட்டு, வாளை நீரில் அசையாமல் பிடிக்கிறான். கம்பளி வந்து மோதி அறுந்துபோகிறது. போதாது என்று அந்த வாளை அரம் கொண்டு முழுசும் தூளாக்கி, மாவில் பிசைந்து, பட்டினி போட்ட பறவைகளுக்குத் தின்னக் கொடுத்து, எச்சத்தைச் சேர்த்து உருக்கி மறுபடி வாளடிக்கிறான். இப்போது இரண்டடிக் கம்பளி. திரும்பவும் அதே. மூன்றாவது முறை மூன்றடி. கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் பறவை எச்சத்தில் நைட்ரஜன் அதிகம், நைட்ரஜன் ஏறினால் இரும்பு கடினமாகும் என்பது உண்மை. பட்டறைக்காரர் யாரோ சொன்ன ஒன்று கதைக்குள் நுழைந்திருக்கலாம். போட்டியின் முடிவும் பிரமாதம்: எதிராளி தன் கவசத்தைப் போட்டு உட்கார்ந்திருக்க, வெலெண்ட் வாளைத் தலைமேல் வைத்து அழுத்துகிறான். எப்படி இருக்கிறது? குளிர்ந்த நீர் உடலுக்குள் ஓடுவதுபோல் இருக்கிறது. கொஞ்சம் உடம்பைக் குலுக்கு. குலுக்கினான், இரண்டாக விழுந்தான்.

இந்தச் சாகாவில்தான் சிறகுக்கும் விளக்கம் வருகிறது. எகில் பறவைகளை அடித்து இறகு சேர்த்துத் தர, வெலெண்ட் இறகுச் சட்டை தைத்துப் பறக்கிறான். அதே எகில் மகன் தலைமேல் ஆப்பிள் வைத்து அம்பெய்யவும் செய்கிறான், வில்லியம் டெல் கதை எழுத்தில் ஏறுவதற்கு வெகு முன்னாலேயே.

இப்போது பெயரின் பொருள். நார்வே, ஐஸ்லாந்து பகுதிகளில் அன்று வழங்கிய பழைய நார்ஸ் மொழியில் ஒரு சொல் இருந்தது, உச்சரிப்பு அப்படியே ‘வேல்’. வேடிக்கை என்று சொன்னது இதைத்தான். ஆனால் அது ஈட்டி அல்ல. தந்திரம், கைவேலை நுட்பம், சூழ்ச்சியாகச் செய்த கருவி என்று பொருள். தமிழில் ‘பொறி’ என்றால் இயந்திரமும் உண்டு, எலிப்பொறியும் உண்டு அல்லவா? அந்த இரட்டைப் பொருள் அப்படியே அதில் இருக்கிறது. வேலண்ட் என்பது ‘பொறி செய்பவன்’, ‘நுட்பமும் சூழ்ச்சியும் தெரிந்தவன்’ என்று பலர் விளக்குவது இதனால்தான். கதைக்கு அச்சாகப் பொருந்துகிறது. வெள்ளி கட்டிய அந்தக் கிண்ணங்கள் இரண்டு பொருளிலும் பொறிதானே.

ஒலி மட்டும் முழுக்க ஒத்துழைப்பதில்லை. ஆங்கில வடிவம் ‘ஏ’காரத்தில் தொடங்குகிறது. நார்ஸ் வோலுண்டரின் முதல் உயிர், பழைய ஓர் ‘அ’ அடுத்து வந்த ‘உ’வால் திரிந்தது போலத் தெரிகிறது. ஒரே மூலத்திலிருந்து விதிப்படி இரண்டும் வர முடியாது. அதனால் பெயர் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கடனாகப் போனபோது, அந்தந்த ஊர் வாய்க்குத் தக்கபடி வளைந்தது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஐஸ்லாந்துப் பாட்டிலேயே பழைய ஆங்கிலச் சாயலுள்ள சொற்கள் இருப்பதைக் காட்டி, அது வைக்கிங்குகள் குடியேறிய வட இங்கிலாந்தில் பிறந்திருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

தமிழ் வேலோடு சேர்த்து, ‘வேல் ஆண்டவன்தான் வேலண்ட்’ என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். இரண்டு மொழிக் குடும்பங்களுக்கும் இடையில் கதை கைமாறிய தடயமும் இல்லை, பொருளும் வேறு. தற்செயலாக ஒலி ஒத்துப்போகிறது.

நொண்டிக் கொல்லன் என்பதால் கிரேக்க ஹெஃபைஸ்டஸும், பறந்து தப்பியதால், வழி தெரியாத சிக்கல் மாளிகையைக் கட்டிய டெடலஸும் நினைவுக்கு வருவது இயல்பு. பழங்காலத்தில் செம்போடு ஆர்சனிக் சேர்த்து உருக்கியவர்களுக்குக் கால் நரம்பு கெட்டுப்போகும், அதனால்தான் கதைக் கொல்லர்கள் நொண்டுகிறார்கள் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. ஹெஃபைஸ்டஸுக்கு அது பொருந்தினால் பொருந்தட்டும். இவன் காலை அறுத்தது யார் என்று பாட்டே சொல்லிவிட்டது. டெடலஸ் தொடர்பு மட்டும் மொழியில் நிலைத்துவிட்டது: ஐஸ்லாந்து மொழியில், உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாத சிக்கல் கட்டடத்துக்குப் பெயர் ‘வோலுண்டரின் வீடு’. தேர்ந்த கைவினைஞனையும் வோலுண்டர் என்பார்கள்.

அந்தப் பழைய ‘வேல்’ என்ற சொல்லும் ஐஸ்லாந்தில் சாகவில்லை. இன்று ‘வியேல்’ என்று சொல்கிறார்கள், இயந்திரம் என்று பொருள். துணி துவைக்கும் இயந்திரம் ஒரு வியேல், தட்டச்சுப் பொறி ஒரு வியேல். விமானத்துக்கு ‘ஃப்ளூக்வியேல்’, பறக்கும் பொறி. நொண்டிக் கொல்லன் சிரித்துக்கொண்டே மேலே எழுந்த பாட்டு இருக்கும் அந்தத் தோல் ஏடு, 1662இல் டென்மார்க் அரசருக்குப் போய் முந்நூறு ஆண்டுக்கு மேல் கோபன்ஹேகனில் இருந்தது. 1971 ஏப்ரலில் அதை ஐஸ்லாந்துக்குத் திருப்பித் தந்தார்கள். இவ்வளவு விலைமதிப்பில்லாத பொருளை விமானத்தை நம்பி ஏற்ற மனம் வரவில்லை. கப்பலில்தான் கொண்டுவந்தார்கள்.